லாரி மேல் ஒரு சல்லடை

இந்தியாவில் எந்த ஊரில் எத்தனை கோடு டவர் கிடைக்கும் என்று செல்போன் கம்பெனிக்காரர்களுக்கே சரியாகத் தெரியாது. தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். நான் அங்கே ஆறு கம்ப்யூட்டர் போட்டு ஒரு பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். ஊரே அவரை 'டவர்' என்றுதான் கூப்பிட்டது. லைசென்ஸில் வேறு ஒரு பெயர் இருந்தது. அதை என் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தேன். பின்னால் வந்த புயலில் பதிவேடு போய்விட்டது, அதோடு அந்தப் பெயரும் போய்விட்டது.

அவர் முதல் தடவை கடைக்கு வந்தது 2008-ல். லுங்கி, காக்கிச் சட்டை, தோளில் துண்டு. கூட மனைவி செல்வி, ஏழு வயது மகள் கயல்.

"நெட்டு சார், மூஞ்சி தெரியற மாதிரி பேசணும். எவ்ளோ நேரம் கத்துக்கணும்?" என்றார்.

"ஃபோன்லயே பேசலாமே?" என்றேன். அப்போது வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு எனக்குத் திமிர் இருந்தது.

"எனக்கு காது கேக்கும் சார். இதுக்கு கேக்காது" என்று மகளைக் காட்டினார்.

கயல் பிறந்ததிலிருந்தே கேட்காத குழந்தை. காது கேளாதவர்களுக்கான பள்ளியில் சேர்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எழுத்து அப்போதுதான் ஒன்றொன்றாக வந்துகொண்டிருந்தது, ஆகவே மெசேஜும் உதவாது. ஆனால் சைகைப் பேச்சில் அவள் பிளந்து கட்டினாள். பள்ளியில் வாரத்துக்குப் பத்து வார்த்தை புதிதாகக் கற்றுக்கொண்டு வந்து அம்மாவுக்குச் சொல்லிக்கொடுப்பாள். செல்வி கூடவே இருந்ததால் தேறிவிட்டாள். டவர்தான் பின்தங்கிவிட்டார். மாதத்தில் இருபது நாள் ரோட்டில் இருப்பவர் எந்தப் பள்ளிக்கூடத்தில் போய் உட்காருவார்?

"போன தடவ இருவத்தி ரெண்டு நாள் கழிச்சி வூட்டுக்கு வந்தேன் சார். ஓடியாந்து கைய ஆட்டி ஆட்டி என்னமோ பெரிய கத சொல்லிச்சி. எனக்கு ஒரு எழவும் புரியல. தலையத் தலைய ஆட்டுனேன். அது கண்டுபுடிச்சிடுச்சி. பாதியில நிறுத்திட்டு உள்ள போயிடுச்சி."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் அழுகை ஒன்றும் இல்லை. டயர் பஞ்சர் ஆன கதையைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"ரெண்டு வாரம் ரோட்ல இருந்தா எம் பொண்ணு வேற பாஷக்காரியா ஆயிடுது சார். தெனம் ஆறு மணிக்கு எனக்கு கிளாஸ் எடுக்கணும். நீங்கதான் ஏற்பாடு பண்ணணும்."

அன்றிலிருந்து மாலை ஆறு மணிக்கு என் கடையின் மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் கயலுக்கு. அந்தப் பக்கம் அப்பா எந்த ஊரில் எந்தக் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பார் என்பதுதான் கேள்வி.

கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கும். பத்துச் சக்கர லாரியில் பண்ருட்டி முந்திரி ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற ஆள், சாயங்காலம் ஆறு மணிக்குள் ஏதாவது ஓர் ஊரில், கேமரா வைத்த பிரவுசிங் சென்டர் கண்டுபிடிக்க வேண்டும். சென்டர்கள் இருப்பது கல்லூரிப் பக்கத்துச் சந்துகளில். அந்தச் சந்தில் ஆட்டோ திரும்பினாலே இரண்டு பேர் கெட்ட வார்த்தை சொல்வார்கள். லாரியை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு இவர் ஓடுவார். வியர்த்து வழிந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போய், மூச்சு வாங்கிக்கொண்டே, "கேமரா வெச்ச கேபின் இருக்குதா?" என்று கேட்டால் எந்த ஓனர்தான் உள்ளே விடுவார்? பெரம்பலூரில் ஒருவர் கும்பிட்டு, "இது குடும்பஸ்தன் நடத்துற கடைங்க" என்று வெளியே அனுப்பிவிட்டார்.

அதன் பிறகு டவர் ஒரு பேண்ட் தைத்துக்கொண்டார். கறுப்பு பேண்ட். மற்ற டிரைவர்கள் கல்யாணத்துக்கென்று ஒன்று வைத்திருப்பார்கள். இவர் ஆறு மணிக்கென்று ஒன்று வைத்திருந்தார். ஐந்தே முக்காலுக்கு லாரிக்குள்ளேயே மாற்றிக்கொண்டு, தலை சீவி, பவுடர் பூசி இறங்குவார். கேமராவில் மார்புக்கு மேலேதான் தெரியும், இருந்தாலும் வாசலைத் தாண்ட பேண்ட் வேண்டியிருந்தது.

உள்ளே போனபிறகு இன்னொரு சிக்கல். பேச்சே இல்லாமல் ஓர் ஆள் திரையைப் பார்த்துக் கையைச் சுழற்றுகிறான், காதைத் தொடுகிறான், சிரிக்கிறான். பக்கத்துக் கேபின் மாணவர்கள் எழுந்து போய்விடுவார்கள். திருச்சியில் ஓர் ஓனர் எலுமிச்சம்பழம் வாங்கிவரச் சொன்னாராம்.

அந்த வருஷத்துக்குள் அவரிடம் ஊர்வாரியாகக் கடைகளைக் குறித்த ஒரு நோட்டு உருவாகிவிட்டது. மற்ற டிரைவர்கள் வழி கேட்டால் மைல் கணக்கில் சொல்ல மாட்டார். "நேராப் போ. கேமரால மூஞ்சி பச்சையாத் தெரியற கடை ஒண்ணு வரும். அதத் தாண்டுனா ஃபேன் இல்லாத கடை. அங்க லெஃப்ட் திரும்பு" என்பார். அப்படிப் போனவர்கள் யாரும் ஊர் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை.

இந்த இடத்தில் அவருடைய கிளீனரைச் சொல்ல வேண்டும். கிளீனர் பெயர் கோதண்டம், வயது அறுபதுக்கு மேல். செல்வியின் அப்பா, அதாவது டவரின் மாமனார். வேறு வேலை கிடைக்காமல் மருமகன் லாரியிலேயே ஏறிவிட்டார். கிளீனரை டிரைவர்கள் எந்த மொழியில் கூப்பிடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். டவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. லாரி பின்னால் வந்து சுவரில் இடிக்கப்போகிற நேரத்தில்கூட, "கொஞ்சம் பாத்து சொல்லுங்க மாமா" என்று தலையை வெளியே நீட்டிக் கேட்பார். "வாங்க மாப்ள, வரலாம், வரலாம்" என்று மாமனார் மரியாதையாகச் சொல்லிமுடிக்கும்போது சுவர் விழுந்திருக்கும்.

2009-ல் டேட்டா கார்டு வந்தது. விரல் நீளத்துக்கு ஒரு சமாசாரம், லேப்டாப்பில் செருகினால் நெட். என்னிடமிருந்த பழைய லேப்டாப்பை டவர் எடுத்துக்கொண்டார். லாரி பேட்டரியிலிருந்து அதற்குக் கரண்ட் எடுக்க எலெக்ட்ரீஷியன் ஒருவர் ஏதோ செய்து கொடுத்தார். இனிமேல் சந்துக்குள் ஓட வேண்டாம், ஐந்தே முக்காலுக்கு ரோட்டோரம் வண்டியை நிறுத்தினால் போதும். பேண்ட்டை மட்டும் அவர் விடவில்லை.

"இப்ப யாரு பாக்கப் போறாங்க?" என்று கேட்டேன்.

"கிளாசுக்குப் போறோம் இல்ல சார்" என்றார்.

டேட்டா கார்டு வந்துவிட்டதே தவிர, நெடுஞ்சாலையில் டவர் கிடைக்கவில்லை. ஒரு கோடு வரும், போகும். அப்போதுதான் நான் வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். நெட்டில் ஏதோ ஒரு வெளிநாட்டுக்காரன் டேட்டா கார்டுக்குப் பின்னால் மாவுச் சல்லடையைக் கட்டி வைத்துப் படம் போட்டிருந்தான். சல்லடை குழிவாக இருப்பதால் அலைகளைக் கூட்டிக் கொடுக்கிறதாம். கிண்டலுக்காகத்தான் அதைப் பிரிண்ட் எடுத்து டவரிடம் கொடுத்தேன்.

மறுநாள் செல்வி கடைக்கு வந்தாள். "அண்ணே, எங்கூட்டு சல்லடையக் காணோம். இடியாப்பத்துக்கு மாவு சலிக்கணும். அவுரு எடுத்தாராம், நீங்க எழுதிக் குடுத்தீங்களாம்" என்றாள்.

சல்லடை லாரியில் இருந்தது. ஐந்து மீட்டர் ஒயர், பன்னிரண்டு அடி மூங்கில் கழி, உச்சியில் எவர்சில்வர் சல்லடை, சல்லடை நடுவே டேட்டா கார்டு. மாலை ஆறு மணிக்கு மாமனார் கேபின் மேல் ஏறிக் கழியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மருமகன் உள்ளேயிருந்து கேட்டுக்கொள்வார்.

"கொஞ்சம் கிழக்கால திருப்பறீங்களா மாமா?"

"இது போதுங்களா மாப்ள?"

"ஒரு கோடுதான் ஏறுச்சி. இன்னும் கொஞ்சம் தூக்கறீங்களா?"

"இதுக்கு மேல தூக்குனா நான் சாமிகிட்ட போயிடுவேன் மாப்ள."

வேடிக்கை என்னவென்றால், அது வேலை செய்தது. ஒரு கோடு இரண்டானது, சில ஊர்களில் மூன்றானது. சிதம்பரம் பைபாஸில் நாலு கோடு. அந்த இடத்தைக் கண்டுபிடித்த அன்று டவர் எனக்கு ஃபோன் செய்து, "சிதம்பரம்னா சிதம்பரம்தான் சார், நாலு கோடு" என்று தரிசனம் கிடைத்தவர் மாதிரிச் சொன்னார்.

படமும் வந்தது. ஆனால் ஓடும் படமாக வரவில்லை. மூன்று வினாடிக்கு ஒரு தடவை ஒரு படம் வந்து நிற்கும். நடுவில் கை என்ன செய்ததென்று தெரியாது. வாயால் பேசுகிறவர்களுக்குப் படம் நின்றால் பெரிய நஷ்டமில்லை. கையால் பேசுகிறவர்களுக்குப் பேச்சே போய்விடும். அப்பாவும் மகளும் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரு சைகையைக் காட்டிவிட்டு, கையை அப்படியே நிறுத்தி, மூன்று எண்ணுவது. படம் போய்ச் சேர்ந்திருக்கும். பிறகு அடுத்த சைகை, மறுபடி மூன்று. 'இன்று பள்ளியில் பொங்கல் போட்டார்கள்' என்று சொல்லி முடிக்க அரை நிமிஷம் ஆகும். இருவரும் அவசரப்பட்டு நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. நான் கல்லாவில் உட்கார்ந்தபடி கவனிப்பேன். கயல் சிலை மாதிரி கையைத் தூக்கிக்கொண்டிருப்பாள், அடுத்த சிலைக்கு மாறுவாள். கொஞ்ச நாளில் எனக்கே 'சாப்பிட்டியா', 'மழை', 'லாரி', 'தூக்கம்' எல்லாம் புரிய ஆரம்பித்தது. நான் கற்றுக்கொள்ள முயற்சி எதுவும் எடுக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

பள்ளியிலிருந்து செல்விக்குச் சீட்டு வந்தது. கயல் ஒவ்வொரு சைகையையும் நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறாள், மற்ற பிள்ளைகள் சலித்துக்கொள்கிறார்கள், வீட்டில் கவனிக்கவும் என்று எழுதியிருந்தார்கள். செல்வி போய், "அது நெட்டுப் பேச்சு டீச்சர்" என்று விளக்கிவிட்டு வந்தாள். டீச்சருக்கு விளங்கியதா என்று தெரியாது.

கழியால் வந்த வம்புகளுக்கும் குறைவில்லை. ஒரு நாள் கிளாஸ் முடிந்து, கேபின் கம்பியில் கட்டியிருந்த கழியை இறக்க மாமனார் மறந்துவிட்டார். லாரி சிதம்பரம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தைத் தாண்டிப் போனது. ரோட்டின் குறுக்கே கட்டியிருந்த சீரியல் லைட் தோரணம் மொத்தமும் சல்லடையில் மாட்டிக்கொண்டு கூடவே வந்தது. மாப்பிள்ளை பெயர், மணமகள் பெயர் எழுதிய பேனர் லாரிக்குப் பின்னால் பறந்தபடி இரண்டு கிலோமீட்டர் போயிருக்கிறது. மோட்டார் சைக்கிளில் துரத்தி வந்தவர்களிடம் டவர் கையெடுத்துக் கும்பிட்டு, திரும்பிப் போய், அவரே ஏறித் தோரணத்தைக் கட்டிக் கொடுத்தார். பேண்ட் போட்டிருந்ததால் பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைத்துப் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். மாமனாருக்கு இரண்டு ஜாங்கிரி கிடைத்தது. அதன் பிறகு அவர் கழியை இறக்க மறப்பது கொஞ்சம் ஜாஸ்தியாகிவிட்டது என்று டவர் சந்தேகப்பட்டார்.

அதே பைபாஸில் இன்னொரு நாள் போலீஸ் பிடித்தது. அன்றைக்கு நடந்ததை என் கடைத் திரையில் மூன்று வினாடிக்கு ஒரு படமாக நானே பார்த்தேன். முதல் படத்தில் டவர் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டாவதில் அவர் பக்கத்தில் ஒரு தொப்பி. மூன்றாவதில் தொப்பி மட்டும் இருந்தது, டவர் இல்லை. குரல் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது.

"இன்னாய்யா அது மேல?"

"சல்லடைங்க சார்."

"சல்லடை எதுக்குய்யா ஆகாசத்துல?"

"பொண்ணுகிட்ட பேசறதுக்குங்க."

தொப்பிக்காரர் சந்தேகத்தோடு லேப்டாப்புக்குள் குனிந்து பார்த்தார். இந்தப் பக்கம் கயல் பயப்படவில்லை. நெற்றியில் கையை வைத்து சல்யூட் அடித்தாள். அடித்துவிட்டு வழக்கப்படி கையை அப்படியே வைத்துக்கொண்டாள். மரியாதையில் தான் யாருக்கும் குறைந்தவர் இல்லை என்று அந்த மனிதர் நினைத்திருக்க வேண்டும். அவரும் நிமிர்ந்து சல்யூட் அடித்தார். இவள் கையை இறக்கவில்லையே என்று அவரும் இறக்கவில்லை. எங்கள் திரையில் அந்தச் சல்யூட் நெடுநேரம் நின்றது. நெட் நின்றதா, போலீஸ் நின்றாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. கடைசியில், "பெரியவரே, கை வலிக்கும், இப்படிக் குடுங்க" என்று மாமனாரிடமிருந்து கழியை வாங்கிப் பத்து நிமிஷம் அவரே பிடித்தாராம். அன்று ஐந்து கோடு கிடைத்ததாக டவர் அடித்துச் சொல்வார்.

இப்படியே இரண்டரை வருஷம் ஓடியது. 2011 கடைசியில் புயல் வந்தது.

அதைப் பற்றிக் கடலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விடிகிற நேரத்தில் அடித்தது. விடிந்து பார்த்தால் ஊரில் நின்றுகொண்டிருந்த மரங்களை எண்ணிவிடலாம். என் கடை போர்டு பக்கத்து வீட்டுக் கிணற்றில் கிடந்தது. கரண்ட் கம்பங்கள் வரிசையாக சாஷ்டாங்கமாக விழுந்து கிடந்தன. கரண்ட் இல்லை, ஃபோன் இல்லை, டவர் இல்லை. டவரும் இல்லை, அவர் தூத்துக்குடியில் உப்பு ஏற்றப் போயிருந்தார். புயல் எந்த ஊரில் எப்படி அடித்தது, அவர் எந்த ரோட்டில் இருந்தார், ஒன்றும் தெரியவில்லை.

அன்று மாலை கடைக்குள் தேங்கிய தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தேன். விழுந்த மரங்களைத் தாண்டி செல்வியும் கயலும் வந்தார்கள். கயல் நேராகப் போய் மூன்றாம் நம்பர் முன்னால் உட்கார்ந்தாள். நான் சுவிட்சைத் தட்டிக் காட்டி, கையை விரித்தேன். அவள் தன் மணிக்கட்டைக் காட்டினாள். மணி ஆறு.

"சொன்னா கேக்க மாட்டேங்குது அண்ணே" என்றாள் செல்வி. "கரண்ட்டு இல்லன்னு அதுக்குப் புரியுது. நெட்டு இல்லன்னும் புரியுது. ஆறு மணிக்கு அப்பா வருவாரு, வந்து பாக்கசொல்ல நாம இல்லன்னா எப்பிடின்னு கேக்குது."

நான் மறுபடி தண்ணீரைத் தள்ளப் போனேன். செத்த திரையைப் பார்த்து அந்தக் குழந்தை அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தது. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. மூன்றாம் நாள் செல்வியின் முகம் பார்க்கும்படி இல்லை. அப்பாவும் புருஷனும் ஒரே லாரியில் போயிருந்தார்கள்.

நான்காம் நாள் ஆறு மணிக்கு வாசலில் ஒரு உருவம் வந்து நின்றது. இடுப்புவரை சேறு. தலையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய லேப்டாப். கறுப்பு பேண்ட் முழங்காலில் கிழிந்திருந்தது.

பின்னால் தெரிந்துகொண்டது இது. இரண்டு நாள் முன்னால் லாரி சிதம்பரம் வந்து சேர்ந்திருக்கிறது. அதற்கு மேல் லாரி போக வழியில்லை. ஆறு மணிக்கு மாமனார் கழியைத் தூக்கியிருக்கிறார். அந்தப் பக்கம் செல்போன் டவர் ஏதோ பிழைத்துக் கிடந்திருக்கிறது. "நம்ம சைடு நாலு கோடு சார். உங்க சைடு ஒண்ணும் இல்ல. நாலு கோட வெச்சிக்கிட்டு நாக்கு வழிக்கறதா?" என்றார் டவர். மறுநாளும் பார்த்திருக்கிறார்கள், ஒன்றுமில்லை. உப்பு லோடை அநாதையாக விட்டுவிட்டு இரண்டு பேரும் வர முடியாது. "நீங்க போங்க மாப்ள" என்று மாமனார்தான் அனுப்பியிருக்கிறார். விடியற்காலை கிளம்பி, கொஞ்ச தூரம் யாருடைய வண்டியிலோ தொற்றிக்கொண்டு, மீதியை நடந்து, மரம் கிடந்த இடத்தில் ஏறி இறங்கி, ஆறு மணிக்கு வந்துவிட்டார்.

என்னையோ செல்வியையோ அவர் பார்க்கவில்லை. கயல் வாசலுக்கு முதுகு காட்டித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத்தான் காலடிச் சத்தம் கேட்காதே. டவர் சுவரோரமாகச் சுற்றிப்போய், மேசைக்குப் பின்னால் நின்றார். அணைந்த மானிட்டருக்கு மேலே மார்பும் முகமும் மட்டும் தெரிந்தன. கயல் நிமிர்ந்து பார்த்தாள்.

டவர் கையைத் தூக்கி, 'சாப்பிட்டியா' என்று காட்டினார். காட்டிவிட்டுக் கையை அப்படியே நிறுத்தினார்.

ஒன்று, இரண்டு, மூன்று.

கயல், 'சாப்பிட்டேன், மரம் விழுந்துவிட்டது' என்று காட்டினாள். ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்ணிக் கையை நிறுத்தினாள். நடுவில் நெட் இல்லை. இரண்டடி மேசை ஒன்றுதான் இருந்தது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம். இரண்டு பேரும் அவசரப்படவில்லை. புயலின் மொத்தக் கதையையும் அவள் நிறுத்தி நிறுத்திச் சொல்லி முடித்தாள். அவர் ஒரு வார்த்தை விடாமல் புரிந்துகொண்டார். நடுவில் இரண்டு இடத்தில் கேள்வியும் கேட்டார். அதன் பிறகுதான் அவள் மேசைக்கு அடியில் புகுந்து போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய், பெருக்கின இடத்தையே பெருக்கினேன்.

"எங்கப்பா எங்க?" என்று செல்வி கேட்டது வாசல்வரை கேட்டது.

"சிதம்பரத்துலதான். கழியப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு. நாம கூப்புடுவோம்னு."

மறுநாளே மாமனாருக்குச் சைக்கிளில் ஆள் போனது. ரோடு சரியானதும் டவர் போய் லாரியை எடுத்து வந்தார். அவரும் நல்லபடியாக வந்து சேர்ந்தார், கழியோடு. கடைக்குக் கரண்ட் வர இன்னும் பத்து நாளுக்கு மேலாயிற்று. அதற்குள் டவர் ஒரு நாள் வந்து கேட்டார்.

"கரண்ட்டே இல்ல. அந்த நாலு நாளும் எதுக்கு சார் ஆறு மணிக்கு ஷட்டரத் தொறந்தே வெச்சிருந்தீங்க?"

"உள்ள ஈரம் காயணுமே" என்றேன்.

பொய்தான். எனக்கும் மூன்று வருஷமாக ஆறு மணிக்கு அந்த மனிதரைப் பார்த்தே பழகிவிட்டது.